ஒன்பது சுற்று வேண்டுதல்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் என்ன கேட்டாலும் முதலில் "தெரியும்" என்று சொல்லிவிடுவேன். தெரியுமா தெரியாதா என்று யோசிப்பது அதற்கப்புறம்தான். இந்த வியாதியால் நான் அவமானப்பட்டது எத்தனையோ தடவை. என் அக்கா கல்யாணத்தையும் சேர்த்துக் கவிழ்க்கப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது சைக்கிளில் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு வங்காளத்தில் துறைமுக வேலை. பெஹாலாவில் ஒரு குளக்கரையில் வாடகை வீடு. குளத்தைச் சுற்றி ஒல்லியாக ஒரு தார் ரோடு, ரோட்டை ஒட்டி வீடுகள். நான் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கி ஒரு டிகிரியை முடித்துவிட்டு வந்து, வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு எதிர்க்கரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே எனக்குச் சிநேகமானவர் மொண்டுதா. (பெயர் மொண்டு. 'தா' என்றால் அண்ணன்.) நிஜமான சைக்கிள் பந்தய வீரர். அவரிடம், நானும் காலேஜில் சைக்கிள் ரேஸில் ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்கினவன் என்று அளந்து வைத்திருந்தேன். பொய் இல்லை. அது ஸ்லோ சைக்கிள் ரேஸ், கடைசியாக வந்து சேருகிறவனுக்குத்தான் பரிசு. அந்த ஒரு விவரத்தை மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு செல்வி அக்காவைப் பெண் பார்க்க ஜம்ஷெட்பூரிலிருந்து வருகிறார்கள். நாலாவது இடம். முந்தின மூன்றும் தட்டிப்போயிருந்தன. அக்கா அதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதில்லை. ஆனால் இந்த மாப்பிள்ளை போட்டோவை மட்டும் தன் வங்காளிப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். என்னிடம் மட்டும், "சிரிச்ச முகமா இருக்காருலே" என்றாள். அதனால் இது எப்படியாவது முடிய வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

ஒரே பயம் மாப்பிள்ளையின் அம்மா. சகுனம் பார்ப்பதில் கெட்டிக்காரர். தன்பாத்தில் பூனை குறுக்கே போனதற்காக ஒரு பெண் வீட்டு வாசலோடு திரும்பிப் போனவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அம்மா அன்று காலையிலேயே பக்கத்து வீட்டுப் பூனையை அதன் வீட்டிலேயே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள்.

எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். எதிர்க்கரை அண்ணாச்சி கடையில் சொல்லி வைத்திருந்த மல்லிகைப்பூவை ஒன்பது மணிக்கு வாங்கி வர வேண்டும். நான் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் கடையில் இருந்தேன். (டீக்கடை வழியாகப் போனால் அப்படித்தான் ஆகும்.) அஞ்சு முழம் பூ, வைக்கப் பை இல்லை. கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், மொண்டுதா தன் பந்தய சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். ஒல்லி டயர், வளைந்த ஹேண்டில்பார், செக்கச் செவேலென்று இருந்தது.

"தாதா, ரெண்டு நிமிஷம் குடுங்க. வீடு வரைக்கும்."

"இது ரோட்டுல ஓட்டுற சைக்கிள் இல்லை தம்பி. இதுல என்னன்னா..."

"ஜானி, ஜானி" என்றேன். வங்காளியில் 'தெரியும், தெரியும்'. வியாதிக்கு மொழி கிடையாது.

அவர் ரேஸ்காரன் ரேஸ்காரனுக்குச் செய்யும் மரியாதையாக, என் இரண்டு பாதங்களையும் மிதிகளோடு சேர்த்து வாரால் இறுக்கிக் கட்டி, முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார். அம்பாகப் போனேன். பாதி தூரம் தாண்டினதும் எங்கள் வாசலில் மஞ்சள் டாக்ஸி நிற்பது தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கைப் பிடிக்கலாம் என்று விரலை நீட்டினால், பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. சரி, மிதிக்காமல் இருந்தால் தானே நிற்கும் என்று காலை நிறுத்தினேன். மிதி நிற்கவில்லை. என் காலையும் தூக்கிக்கொண்டு அதுபாட்டுக்குச் சுற்றியது.

வேறு வழியில்லாமல், "வாங்க வாங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வீட்டைக் கடந்து போனேன்.

"எங்கலே போற?" என்று அப்பா கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"இந்தா வந்திருதேன்பா."

கூடவே ஒரு கணீர்க் குரல். "பூ வாசலத் தாண்டிப் போகுதே?" அது யார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

வேகத்தைக் குறைத்தால் சைக்கிள் சாய்கிறது. சாய்ந்தால் காலை ஊன்ற வேண்டும், காலோ கட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் சாக்கடை. விழாமலிருக்க மிதித்தே ஆக வேண்டும். மிதித்தேன். டீக்கடை வந்தது.

"ப்ரேக் நேய்!" என்றார் மொண்டுதா, தம்ளரோடு. பிரேக் கிடையாதாம்.

"தெரியுது. எப்படி நிறுத்துறது?"

"அதுக்குத்தான் வர்றேன்" என்று ஆரம்பித்தார். வங்காளிகளிடம் எதைக் கேட்டாலும் ஆதியிலிருந்துதான் சொல்வார்கள். அந்தச் சுற்றில், பின்சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும் என்றார். அடுத்த சுற்றில், உலகத்தின் ஆதி சைக்கிள்கள் எல்லாமே இப்படித்தான் என்றார். அதற்கடுத்த சுற்றில் முன்னால் ஆளுயரச் சக்கரமும் பின்னால் தட்டளவு சக்கரமும் வைத்து வெள்ளைக்காரன் ஓட்டிய சைக்கிளுக்கு வந்திருந்தார். நான் கேட்ட விஷயம் வரக் காணோம்.

இதற்கிடையில் வீட்டு வாசலில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை கடந்தபோது அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். மாப்பிள்ளையின் அம்மா டாக்ஸிக் கதவில் கைவைத்திருந்தார். ஜன்னலில் அக்கா முகம். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் தடவை வந்தபோது அப்பா, எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டுதலுங்க. அக்காளுக்கு நல்ல எடம் வந்தா, பூ மாலையோட குளத்த வலம் வாரேன்னு வேண்டியிருக்கான். சொன்னா கேக்க மாட்டான்."

"சைக்கிள்லயா?"

"காலம் மாறிப்போச்சுல்லா."

"எத்தன சுத்து?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு எவ்வளவு தம் இருக்கும் என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும். "ஒம்பது" என்றார். பெற்ற தகப்பன்.

நல்ல வேளையாக வலமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா டாக்ஸிக் கதவை விட்டுவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு பௌதி (அண்ணி முறை) என்ன விசேஷம் என்று அம்மாவிடம் கேட்க, அம்மா பூஜை என்று சொல்லித் தொலைத்தாள். பூஜை என்றால் வங்காளிப் பெண்கள் சும்மா இருப்பார்களா? ஐந்தாம் சுற்றில் பௌதி சங்கு ஊதினார். ஆறாம் சுற்றில் மாடிக்கு மாடி குலவைச் சத்தம். ஏழாம் சுற்றில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிட்டது, தொடை இரண்டும் கடகடவென்று ஆடியது. மொண்டுதா அப்போதுதான் சைக்கிளுக்குச் செயின் கண்டுபிடித்திருந்தார்.

ஒன்பதாம் சுற்றில் மாப்பிள்ளை கூட்டத்தை விட்டு வந்து, என் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட ஆரம்பித்தார். பார்க்கிறவர்களுக்குப் பக்தி போலத்தான் இருந்திருக்கும்.

"மாப்ள, பிரேக் இல்லயோ?" என்றார் மெதுவாக.

"இல்ல அத்தான்." (இன்னும் பாக்கு வெற்றிலை மாற்றவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது.)

"வேண்டுதல்?"

"அதுவும் இல்ல."

அவர் சிரித்தார். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. சிரிக்கிற மும்முரத்தில் கால் தடுக்கியது. ஆனால் சீட்டை மட்டும் விடவில்லை, பாவம். சைக்கிள், நான், அஞ்சு முழம் மல்லிகை, வெள்ளைச் சட்டை போட்ட மாப்பிள்ளை எல்லாருமாகச் சரிந்து, ஆகாயத்தாமரைக்குள் இடுப்பளவு சேற்றில் போய் இறங்கினோம். சங்குச் சத்தம் நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கரைக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"முடிச்சதும் முங்குறதும் உண்டா?"

"உண்டு" என்றார் அப்பா.

அப்போது ஜன்னலில் அக்கா சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும். மாப்பிள்ளை தலையில் இலையோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்புறம் பெண் பார்க்க என்ன இருக்கிறது? அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பதினொரு பஜ்ஜி சாப்பிட்டார். அன்றைக்கே பேசி முடித்தார்கள். மொண்டுதா சாயங்காலம் வந்து, மிதியைப் பின்பக்கமாக அழுத்தினால் வண்டி நிற்கும் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வேண்டுதல் பலிக்கிற வேண்டுதல் என்று அத்தைக்கு (அக்காவின் மாமியாருக்கு) நம்பிக்கை விழுந்துவிட்டது. அக்காவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார், என் பேரில். ஒன்பது சுற்று. அத்தானுக்குப் பிரமோஷன், ஒன்பது சுற்று. தன் சின்ன நாத்தனார் மகளுக்கு வரன் அமைய, ஒன்பது சுற்று. ஒவ்வொரு தடவையும் நான் பெஹாலா குளத்துக்குப் போய், கழுத்தில் பூவோடு, பிரேக் உள்ள சைக்கிளில் சுற்றினேன். ஒவ்வொரு தடவையும் பௌதி சங்கு ஊதினார்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எனக்குத் தொப்பையும் முட்டி வலியும் வந்துவிட்ட ஒரு நாளில், அக்கா மகன் ஏதோ பரீட்சை எழுதுகிறான் என்று அத்தையிடமிருந்து போன் வந்தது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அத்த, அன்னைக்கு வேண்டுதல்லாம் ஒண்ணுமில்ல. சைக்கிள்ல பிரேக் இல்ல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்லே" என்றார் அத்தை. "ஒங்கப்பா முழிச்ச முழியே சொல்லிச்சே. ஜன்னல்ல ஒங்கக்கா லட்சணமா இருந்தா. சரி போட்டும்னு விரல எண்ணிக்கிட்டு நின்னேன்."

"அப்ப இத்தன வருசமா என்னைய எதுக்குச் சுத்த விட்டிய?"

"பலிக்குதுல்லா? நீ எப்ப போற, அதச் சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பயல் பாஸ்.