தாங்கள் வெட்டிய கடைசிப் பத்தி

டோல்கேட், தண்டையார்பேட்டை,
சென்னை – 81.
16 ஜூன் 2021

பெறுநர்: ஆசிரியர், ‘நுண்ணோக்கி’ அறிவியல் மாத இதழ்.

மதிப்பிற்குரிய திரு. சண்முகவேல் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அலுவலகத்தாரும் இந்தத் தொற்றுக் காலத்தில் நலமாயிருக்க விரும்புகிறேன். நலக்குறைவு ஏதும் இருப்பின், இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகு படுத்துக்கொள்ளலாம். என் நலத்துக்குக் குறைவில்லை. எழுபத்தாறு வயதில் முழங்கால்கள் நீங்கலாக உடம்பில் மற்றெல்லாம் என் பேச்சைக் கேட்கின்றன. தெரு மட்டும் கேட்பதில்லை. அதற்குக் காரணம் தாங்கள். தங்களைத் ‘தம்பி’ என்றழைக்கும் வயது எனக்குண்டு. கடிதத்தின் நோக்கம் கருதி அந்த உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை.

நான் தங்களுக்கு அனுப்பிய கட்டுரையின் தலைப்பு ‘ஊசியற்ற மருந்துச் செலுத்துமுறைகள்: ஓர் அறிமுகமும் சில எச்சரிக்கைகளும்’. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஒருத்தி வைக்கக்கூடிய தலைப்பு அது. அதைப் பார்த்து யாரும் ஓடி வரவும் மாட்டார்கள், ஓடிப்போகவும் மாட்டார்கள். ஜூன் இதழில் அது ‘ஊசியே, போய் வா!’ என்ற தலைப்பில், ஒரு கை சிரிஞ்சை முருங்கைக்காயைப் போல் இரண்டாக ஒடிக்கும் வண்ணப்படத்துடன் வெளிவந்தது. மூக்கில் விடும் சொட்டு, தோலின் வழியே அழுத்தத்தால் மருந்தைப் பீய்ச்சும் கருவி என்று நான் எழுதிய அதிசயங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கடைசிப் பத்தியை மட்டும் காணவில்லை. ‘இவற்றில் எதுவும் இன்று நம் தெருமுனை முகாமில் கிடைக்காது; கிடைப்பது ஊசி; வாய்ப்பு வந்த அன்றே அதைப் போட்டுக்கொள்வதே அறிவுடைமை’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. தொலைபேசியில் கேட்டபோது தங்கள் உதவியாசிரியர் “இடமின்மை, மேடம்” என்றார். அந்த விளம்பரத்துப் பெண்ணின் கூந்தலுக்கு மட்டும் முக்கால் பக்கம் இடமிருந்ததை நான் அளந்து பார்த்தேன்.

இனி, அந்த ஒரு பத்தி இல்லாமற்போனதால் நேர்ந்ததைக் கேளுங்கள்.

என் வீட்டுக்குப் பின்தெருவில் இருப்பவர்கள் முத்தம்மாவும் அவர் கணவர் தேசப்பனும். முத்தம்மா காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் பக்கம் விற்கிறார். தேசப்பன், திருமுருகன் என்பவரின் விசைப்படகைப் பதினாறு ஆண்டுகளாக ஓட்டும் டிரைவர். இரண்டு மாத மீன்பிடித் தடை முடிந்து பதினைந்தாம் தேதி விடியற்காலையில் படகுகள் கடலுக்குப் போகவேண்டும். இந்த ஆண்டு திருமுருகன் ஒரு புது விதி போட்டார்: முதல் தவணை ஊசியாவது போடாதவன் படகில் கால் வைக்கக்கூடாது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மே மாதத்தில் எங்கள் பக்கத்தில் மூன்று வீடுகளுக்குப் பந்தல் தேவைப்பட்டது. மூன்றாவது வீட்டுக்குப் பந்தல் போட ஆள் வரவில்லை. அந்த மூன்றாவது வீடு திருமுருகனின் அண்ணன் வீடு. எட்டு பேர் பத்து நாள் ஒரே கூண்டில் படுத்து எழும் படகில் ஒருவன் இருமினால் என்னவாகும் என்பதை அவருக்கு யாரும் கட்டுரை எழுதி விளக்க வேண்டியதில்லை. ஆகவே பதினான்காம் தேதிக்குள் தேசப்பன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தவறினால் சக்கரம் அவர் கையிலிருந்து மைத்துனன் பிரகாஷின் கைக்குப் போகும். பிரகாஷ் முத்தம்மாவின் தம்பி, அதே படகில் வலை இழுப்பவன், அந்தச் சக்கரத்தின் மேல் ஆறு வருடமாகக் கண் வைத்திருப்பவன்.

தேசப்பனுக்குக் கடலிடம் பயமில்லை, புயலிடம் பயமில்லை, ஊசியிடம் மட்டும் உண்டு. இதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. “திருக்கை முள்ளு கால்ல ஏறி, கட்டிங் பிளேயரு வெச்சி நானே புட்ங்கிப் போட்டவன் டீச்சரம்மா, எனுக்கு இன்னா பயம்?” என்பார். முத்தம்மா உடனே, “தே, இந்தாளு பீலாவ நம்பாதீங்க. சுகர் டெஸ்ட்டுக்கு வெரல்ல குத்த சொல்ல, அந்த லேப் பையன் கையக் கட்ச்சி வெச்சவரு இவுரு” என்பார். ஊசி போட்டால் மூன்று மாதம் கருவாடு ஆகாது, ஊசி போட்ட கையால் சக்கரம் பிடித்தால் படகு ஒருபக்கமாகவே போகும் என்று எங்கள் தெருவில் உலவும் ஆராய்ச்சி முடிவுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பதினைந்து நாள் குடிக்கக் கூடாதாம் என்பதே மெய்யான காரணம் என்பது முத்தம்மாவின் கருத்து. ஆயினும் ஐந்து நாள் அலுப்பில்லாமல் அவரைக் கரைத்து, ஒன்பதாம் தேதி முகாமுக்கு வருவதாக என் வாசலில் நிற்கவைத்து வாக்கு வாங்கியிருந்தோம்.

எட்டாம் தேதி தங்கள் இதழ் வந்தது.

முத்தம்மா எனக்கு நெத்திலி கொடுத்துவிட்டுக் கை துடைக்கும்போது மேசைமேல் கிடந்த படத்தைப் பார்த்தார். “இன்னாம்மா இது, ஊசிய ஒட்ச்சிப் போட்டுக்கீறாங்க? இனிமே ஊசி கெடையாதா?” என்று கேட்டார். நான் பெருமையோடு, ஆம், பெருமையோடுதான், என் பெயரைக் காட்டினேன். அக்காளைப் பைக்கில் ஏற்றிப்போக வந்திருந்த பிரகாஷ் அதைத் தன் போனில் படமெடுத்தான். படிக்கிற ஆர்வம் இப்பகுதியில் பெருகுகிறதென்று நான் மகிழ்ந்தேன். சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கம், ‘நம்ம டோல்கேட் டீச்சரம்மாவே சொல்லிட்டாங்க’ என்ற வரியோடு துறைமுகத்து வாட்ஸப் குழுக்கள் அனைத்திலும் சுற்றி, எர்ணாவூரிலிருக்கும் என் மாணவி ஒருத்தியின் மூலம் எனக்கே திரும்பி வந்தது. வாழ்த்துச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் சமுதாயக்கூட முகாமில் பதினொரு மணிக்குக் கூடியிருந்த பொதுமக்கள் மூவர்: இரண்டாம் தவணைக்குக் காத்திருந்த நான், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், ரேஷன் கடை என்று நினைத்து வந்த ஒருவர். செவிலியர் சங்கமித்ரா குப்பியைத் திறக்க மறுத்தார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்தில் தீரவேண்டும். அவர் என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி பெயரைப் படித்தார். “தேவகிருபை மேடம்… அது நீங்கதானா? காலையிலேர்ந்து இருபது பேர் வாசல் வரைக்கும் வந்து, உங்க கட்டுரையை எனக்குக் காட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.” நான் கடைசிப் பத்தியை அங்கேயே ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். “நல்லா இருக்கு மேடம். ஆனா போட்டோல அது இல்லையே” என்றார். திரு. சண்முகவேல் அவர்களே, என் வாழ்நாளில் தேர்வில் தோற்ற மாணவியரின் முகத்தை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது உள்ளிருந்து எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வலை பழுதுபார்க்கும் இடத்துக்கு நேரே போனேன். தேசப்பன் மரியாதையாக எழுந்து நின்றார், லுங்கியை இறக்கிவிட்டார், பிறகு கேட்டார்: “நீங்களே ஊசி வாணாம்னு எழ்திட்டு, நீங்களே வந்து குத்திக்கன்னா இன்னா நாயம் டீச்சரம்மா? காத்துல அட்க்கிற மிஷினு வரட்டும். மொத ஆளா நான் நிக்கிறேன்.” அது எப்போது வருமென்று எனக்கே தெரியாது, படகு ஆறு நாளில் போய்விடும் என்றேன். “மாமா சொல்றது கரீட்டுதான். இவ்ளோ நாளு பொறுத்தாச்சி, இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டுமே” என்று வலையிலிருந்து கண்ணெடுக்காமல் பிரகாஷ் சொன்னான். முத்தம்மா என்னைத் தனியே அழைத்து, “தம்பிக்கு டிரைவரு வேல கெட்ச்சிதுன்னு சிரிக்கவா, புருசன் வூட்ல குந்திகினு கீறதப் பாத்து அழுவவா? ரெண்டுத்துக்கும் நானே சோறாக்கணும் டீச்சரம்மா” என்றார்.

பன்னிரண்டாம் தேதி கடைசி முகாம். சங்கமித்ரா என் கையில் மைக்கைக் கொடுத்து, “நீங்க கட்டின முடிச்சு, நீங்களே அவிழ்த்துடுங்க” என்றார். கூட்டம் இருந்தது. ஊசிக்கு வந்த கூட்டமன்று, என்னைப் பார்க்க வந்த கூட்டம். தேசப்பன் முன்வரிசையில் இருந்தார். நான் புள்ளிவிவரம் சொன்னேன், கொட்டாவி வந்தது. நோயெதிர்ப்பு அணுக்களைச் சொன்னேன், இருவர் டீ குடிக்க எழுந்தார்கள். தேசப்பன் கை தூக்கினார். “அத்தெல்லாம் சரிம்மா. அந்த மிஷின்ல ஊசியே இல்லன்னா, மருந்து எப்டி உள்ள பூரும்?”

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு மாணவனுக்குத் தெரிந்ததிலிருந்து விடை தரவேண்டும் என்பது என் கொள்கை. “உங்கள் படகு இஞ்சினுக்குள் டீசல் எப்படிப் போகிறது?” என்று கேட்டேன்.

“நாசில்ல பீச்சி அட்க்கும்.”

“இதுவும் அதே முறை. முடியளவு துளை. பம்பு அழுத்தத்தில் மருந்து பீய்ச்சிக்கொண்டு வரும். வருகிற வேகத்தில் அதுவே தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.”

டீ குடிக்க எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அங்கிருந்த அத்தனை ஆண்களுக்கும் புரிந்திருந்தது. தேசப்பன் எழுந்து நின்றார்.

“நாசில் டெஸ்ட் பண்ண சொல்ல அதும் முன்னால கைய நீட்னான் பாரு, நம்ம பம்ப்பு மெக்கானிக்கு. டீசலு உள்ள பூந்து, ரெண்டு வெரல எட்த்துட்டாங்கோ. அந்த நாசிலையா எங்க தோள்ல வெச்சி அட்க்கப் போறாங்கோ?”

இங்கேதான், ஆசிரியரே, நான் தங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. படகு நாசிலின் அழுத்தம் வேறு, அந்தக் கருவியின் அழுத்தம் வேறு, மருந்து இரண்டு சொட்டளவு, அளந்து சோதித்துத்தான் தருவார்கள், விரல் எல்லாம் போகாது என்பது என் உரையின் அடுத்த பத்தி. வாய்வரை வந்தது. தேசப்பன் முகத்தைப் பார்த்தேன், வாசலிலிருந்த முத்தம்மாவைப் பார்த்தேன். “ஆம், தோளில்தான்” என்று சொல்லி மைக்கை மேசையில் வைத்துவிட்டேன்.

“சிஸ்டர்! அந்த மிஷினு வர்துக்குள்ள எனுக்கு ஊசியே போட்டு உடு தாயி!” என்று தேசப்பன் பாய்ந்தார். அவருக்குப் பின்னால் மொத்தத் துறைமுகமும் பாய்ந்தது. இரண்டு மணிக்குள் குப்பிகள் தீர்ந்துபோய், சங்கமித்ரா பேசின் பிரிட்ஜ் பக்கத்து முகாமிலிருந்து இன்னும் சில குப்பிகளை ஆட்டோவில் வரவழைத்தார். ஊசி ஏறும்போது தேசப்பன் என் கையைப் பற்றிக்கொண்டு தனக்குத் தெரிந்த எல்லா அம்மன்களையும் அழைத்தார். அவர் பிடித்தது இடக்கை என்பதால்தான் இக்கடிதத்தை என்னால் எழுத முடிகிறது. தம்பியையும் விடக்கூடாதென்று முத்தம்மா பிரகாஷைச் சட்டையைப் பிடித்து மேசைக்கு இழுத்து வந்தார். சங்கமித்ரா அவன் போன் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, “இவருக்குப் போன வாரமே போட்டாச்சே” என்றார்.

“இன்னாடா இது?”

“தோஸ்து ஒர்த்தன் இஸ்துகினு போனான்க்கா… சும்மா…”

“சும்மாவா? நீ குத்திகினு வந்துட்டு, அவுருக்கு மட்டும் மிஷினு வரட்டும்னு ஓதினியாடா கயித?” இதன் பின் முத்தம்மா சொன்னவற்றைத் தங்கள் இதழ் அச்சிடாது. இம்முறை இடமின்மையை நான் ஏற்றுக்கொள்வேன்.

நேற்று விடியற்காலையில் படகு போயிற்று. சக்கரம் தேசப்பனிடம் இருக்கிறது. வலை பிரகாஷிடம் இருக்கிறது. ஆகவே நான் கோருவது: அடுத்த இதழில், ‘ஊசியே, போய் வா!’ வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மறுப்பும் வருத்தமும் வெளியிட்டு, என் கடைசிப் பத்தியை ஓர் எழுத்துக் குறையாமல் சேர்க்கவேண்டும். அதன் கீழ் தைலம் வரலாகாது. தவறினால் சந்தாவை நிறுத்துவேன்; என்னையும் சேர்த்து இப்பகுதியில் தங்களுக்கு இரண்டு சந்தாதாரர்கள்.

தங்கள் இல்லத்தில் பெரியோர் இருப்பின் என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும். உதவியாசிரியருக்கு இரண்டும் இல்லை. தாங்கள் நீண்டகாலம் நோயின்றி வாழ்ந்து, பிறர் எழுதியதை முழுமையாக அச்சிடுவீர்களாக.

இங்ஙனம்,
இ. தேவகிருபை, எம்.எஸ்ஸி., எம்.ஃபில்.,
விலங்கியல் பேராசிரியை (ஓய்வு)

பி.கு.: மேலே கேட்ட மறுப்பை வெளியிடவேண்டாம். உறையை ஒட்டுமுன் முத்தம்மா வந்தார். கரையிலிருக்கும் திருமுருகனின் வயர்லெஸ் பெட்டியில் நேற்று முழுக்கத் தேசப்பனின் குரல்தானாம். “டேய், நாசில் வெச்சி தோள்ல அட்க்கிறானுங்களாம், டீச்சரம்மாவே சொன்னாங்கோ” என்று கேட்கிற படகுக்கெல்லாம் சொல்கிறாராம். தெலுங்குப் படகுக்காரன் ஒருவன் தன் மொழியில் அதை வடக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறானாம். அந்தக் கருவி முதலில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வருமென்று சங்கமித்ரா சொல்கிறார். பின்தெருவில் நான்கு தாய்மார்கள் இப்போதே பிள்ளைகளைத் தர மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டார்கள். ஆகவே அக்கருவியைப் புகழ்ந்து, அச்சமில்லை என்று, தங்களால் முடிந்தவரை மிகைப்படுத்தி உடனே எழுதுங்கள். என் பெயரிலேயே போடுங்கள். தலைப்பில் தலையிடமாட்டேன். படகுகள் இருபத்தைந்தாம் தேதி கரைக்குத் திரும்புகின்றன.