காக்கா தொடாத இலை

காகம் வரவில்லை.

மலேசியாவின் மெர்போக்கில், பரஞ்சோதி வீட்டுத் தோட்டத்தில், ரம்புத்தான் மரத்தடியில் வாழையிலை காத்துக் கிடந்தது. மனைவி பிரேமாவதியின் கருமாதிப் படையல். காகம் வாய் வைத்த பிறகுதான் வந்திருக்கும் சொந்தபந்தம் கை நனைக்க முடியும். காகம் தொடாவிட்டால் போனவளுக்கு மனக்குறை என்று அர்த்தம். யார் மேல் குறை என்பதை, கூடாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லாரும் யூகித்துக்கொண்டு, பரஞ்சோதியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைனாக்கள் வந்தன. பரஞ்சோதி விளக்குமாற்றால் விரட்டினார். புறாக்கள் வந்தன. அவற்றையும் விரட்டினார்.

"அக்காவுக்குக் கோவம், அத்தான்," என்றாள் மச்சினி குணசுந்தரி. "கருவாட்டுச் சம்பல் வெச்சீங்களா? அது இல்லாம அக்கா சோத்துல கை வெக்க மாட்டாங்களே!"

வைத்தார். பூனை வந்தது. கருவாட்டோடு பாதி இலையையும் கிழித்துக்கொண்டு போனது.

மைத்துனர் ஜெயகுமார் முகம் துடைத்தார். "மச்சான், எனக்கு இனிப்புநீர். இன்சுலின் ஊசி வேற போட்டாச்சு. இன்னும் லேட்டானா பக்கத்துலயே இன்னொரு இலை போடணும்லா!"

"போன்ல காக்கா சத்தம் இருக்கு, போட்டு விடுங்க," என்றது கூடாரத்திலிருந்து ஒரு குரல்.

போட்டார். முதலில் சலவைத்தூள் விளம்பரம் பாடியது. பிறகு காகம் கரைந்தது. உடனே அடுத்த வீட்டு முருகையாவின் நாய் குரைக்க, தெரு நாய்கள் சேர்ந்துகொள்ள, தோட்டத்தில் மிச்சமிருந்த ஒரு சிட்டும் பறந்துபோனது.

குணசுந்தரி குரலைத் தாழ்த்தினாள்; ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "காரணம் எனக்குத் தெரியும், அத்தான். ஷீலாவ கேட்டோட நிறுத்தினீங்கல்ல?"

மகள் ஷீலா, தானே மாப்பிள்ளை தேடிக் கட்டிக்கொண்டவள். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்தவளை, கேட்டைத் திறக்காமலே திருப்பி அனுப்பியிருந்தார் பரஞ்சோதி.

அவர் வெறும் வானத்தைப் பார்த்தார். உயிரோடு இருந்தவரை ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள், இப்போது ஊர் பார்க்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார்.

"ஷீலா... அப்பா பேசறேன். வாம்மா. அவரையும் கூட்டிட்டு வா."

சுங்கை பட்டாணியிலிருந்து கார் வந்து சேர்வதற்குள் படையல் சோறு காய்ந்துவிட்டது. ஜெயகுமார் யாருக்கும் தெரியாமல் வடைகளைக் குறைத்திருந்தார். ஷீலா அழுதுகொண்டே புதுச் சோறு வைத்தாள். பரஞ்சோதி மண்ணில் முட்டி போட்டார்.

"பிரேமா, கேட்டத் திறந்துட்டேன். இன்னும் என்னடி வேணும்? ஒரு வாய் எடுத்துக்க."

ஒன்றும் வரவில்லை.

"அக்கா மன்னிக்கல," என்றாள் குணசுந்தரி.

பரஞ்சோதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

வேலை முடிந்து வந்து நாயைக் கட்டிவிட்டு, முருகையா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, இன்னும் யாரும் சாப்பிடலயா?"

"காக்கா வரல, முருகையா. அவ கோவம் தீரல."

"காக்கா எங்கண்ணே வரும்? குருவிக்குப் போடற அரிசிய அதுங்க விட மாட்டேங்குதுன்னு, நீங்க லோரி ஓட்டப் போயிருந்தப்ப, அக்காதானே முனிசிபல் மஜ்லிஸுக்கு போன் பண்ணி இந்தப் பக்கத்துக் காக்காவெல்லாம் ஒண்ணு விடாம சுட வெச்சாங்க!"