காலை ஒன்பது மணி அஸ்தமனம்

காரைக்காலில் ஒரு சான்றிதழ் அலுவலகம். அங்கே உள்ள ஆறு கணினிகளும் ஒரே நிறத்தில் ஒளிர வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'பொதுமக்கள் நலன் கருதி' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அது போடாமல் எந்தச் சுற்றறிக்கையும் வருவதில்லை.

சேதி கேட்டதும் தட்டச்சர் அமுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்திரையில் கண் ஆபரேஷன் ஆனவள். வெள்ளைத் திரையைப் பார்த்தால் பொலபொலவென்று நீர் கொட்டும். அதனால் சான்றிதழ் அடிக்கிற எடிட்டரை மட்டும் மகன் அஷ்வின் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து என்று மாற்றிக் கொடுத்திருந்தான். பிள்ளை நன்றாயிருக்கட்டும். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம். அதுவரை கண் தாங்கினால் போதும், கைலாசநாதர் புண்ணியத்தில்.

கண்காணிப்பாளர் சிதம்பரநாதன் சுற்றறிக்கையை எழுந்து நின்று வாசித்தார். உட்கார்ந்து வாசித்தால் அதற்கு மரியாதையில்லை.

"'கணினியின் முகப்புத் திரை என்ன நிறமோ, எடிட்டர் உள்ளிட்ட அனைத்தும் அதே நிறத்தைப் பின்பற்றக் கடவது. பகலில் வெள்ளை. சூரிய அஸ்தமனத்துக்குப் பின் கறுப்பு.' புரியுதா அமுதம்மா? உங்க எடிட்டர் மட்டும் தனிக்குடித்தனம் போக முடியாது."

"சார், எனக்குக் கண்ணு..."

"கண்ணுக்குன்னு இதுல தனிப் பத்தி இல்லீங்களே."

அன்றே ஓர் ஆள் வந்து, எடிட்டரில் 'சிஸ்டம் எப்படியோ அப்படி' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டு, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டுப் போனார்.

எழுத்தர் காஜா நஜ்முதீன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சார், நாம அஞ்சே முக்காலுக்குப் பூட்டிட்டுப் போறோம். பொழுது சாயறது அதுக்கப்புறம். திரை கறுப்பாச்சா இல்லையான்னு யார் பாக்கிறது?"

சிதம்பரநாதன் யோசித்தார். அவர் யோசித்தால் ஒரு கோப்பு பிறக்கும்.

"அஸ்தமனம் சரியா எத்தனை மணிக்கு?"

"பள்ளிவாசல்ல மஃரிப், அந்தித் தொழுகை அட்டவணையில இருக்கு சார். நிமிஷம் தப்பாது."

"பஞ்சாங்கத்துலயும் இருக்குங்க," என்றாள் அமுதம்.

"ரெண்டும் அரசு ஆவணம் இல்ல."

கோப்பு புதுச்சேரிக்குப் போனது. அங்கே பெரிய சிக்கல். கேரளக் கரையிலுள்ள மாகியில் சூரியன் ஆற அமரக் கடலில் இறங்குகிறது, ஆந்திரப் பக்கத்து ஏனாமில் அவசரப்படுகிறது. புதுச்சேரி, காரைக்காலோடு சேர்த்து நாலு ஊருக்கும் ஒரே அரசாங்கம், அஸ்தமனம் மட்டும் நாலா? நாலையும் கூட்டி நாலால் வகுக்கலாம் என்று ஒரு குறிப்பு. வகுத்தால் வருகிற நேரத்தில் எந்த ஊரிலும் சூரியன் மறையவில்லை என்று ஓர் எதிர்க்குறிப்பு. இப்படி இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அமுதம் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் அடித்தாள். அவள் அடித்த சான்றிதழ் ஒன்றில் அப்பாவைவிட மகன் ஆறு வயசு மூத்தவனாகிப் போனான்.

ஒருவழியாகப் பதில் வந்தது: 'அஸ்தமன நேரத்தை அந்தந்த அலுவலகத் தலைவரே நிர்ணயித்துக்கொள்ளலாம். கண்காணிக்க ஏதுவாக, அது அலுவலக நேரத்துக்குள் அமைதல் வேண்டும்.'

சூரியனே தன் கையெழுத்துக்குள் வந்துவிட்டதில் சிதம்பரநாதனின் கழுத்து நிமிர்ந்தது.

"அஞ்சு மணிக்கு வச்சுக்கலாமா?"

"கொஞ்சம் முன்னாடி வைங்க சார். புண்ணியமாப் போகும்," என்றாள் அமுதம்.

"மூணு?"

"கண்ணு எரியுது சார்."

"பன்னெண்டுன்னா, உச்சி வெயில்ல அஸ்தமனம்னு எழுதணுமே. நல்லாவா இருக்கும்?"

"காலையிலயே முடிச்சுட்டா உச்சி வெயில் பேச்சே வராது சார்," என்றார் நஜ்முதீன். "மஃரிபை மட்டும் விட்டுடுங்க. அது நம்ம பிரிவுல வராது."

வாசலில் ஆணை ஒட்டப்பட்டது: 'இவ்வலுவலகத்தில் சூரியன் காலை 9.00 மணிக்கு மறையும்.'

மறுநாள் ஒன்பது அடித்ததும் ஆறு கணினிகளும் கறுத்தன. கூடவே அமுதத்தின் எடிட்டரும். கண்ணுக்குள் குளுகுளுவென்று இறங்கியது. சிதம்பரநாதன் ஆணைக்கு இசைவாக ஜன்னல்களைச் சாத்தி டியூப்லைட்டைப் போட்டார். பழக்க தோஷம், அமுதம் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

முதல் ஆளாக வந்தவர் கோவில்பத்து மளிகைக்கடை பஞ்சநாதன். மகள் கல்லூரியில் சேர இருப்பிடச் சான்று வேண்டும். அமுதம் கண் கலங்காமல் பிழையில்லாமல் அடித்து, அச்செடுத்து, நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, விளக்கு வச்சப்புறம் ஒண்ண வெளியில குடுக்கிறதா?"

வாய் தவறி வந்த பேச்சுதான். சிதம்பரநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சரியான பாயிண்ட்! அரசாங்கத்து லட்சுமி வெளியே போயிடுவாளே! எப்படி யோசிக்காம விட்டேன்?"

பத்தே நிமிஷத்தில் இரண்டாவது ஆணை: 'அஸ்தமனத்துக்குப் பின் சான்றிதழ் எதுவும் வெளியே வழங்கப்பட மாட்டாது.'

அமுதத்துக்கு மனசு கேட்கவில்லை. "நாளைக்கு அஸ்தமனத்துக்கு முந்தி வாங்கண்ணே."

"நீங்க பூட்டைத் திறக்கிறதே ஒன்பதுக்குத்தானேம்மா?"

"அது வேற சுற்றறிக்கைண்ணே," என்றார் நஜ்முதீன்.

பஞ்சநாதன் சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், தலையை ஆட்டினார். "நியாயந்தான். நானும் விளக்கு வச்சப்புறம் கடையில உப்பு குடுக்கிறதில்ல." போகும்போது இரண்டு ஆணைகளையும் நின்று படித்துவிட்டுப் போனார்.

அமுதம் வீடும் கோவில்பத்துதான். மத்தியானம் சாப்பிடப் போனவள், குழம்புக்கு உப்பில்லை என்று அவர் கடையில் போய் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஒரு பாக்கெட் உப்பு குடுங்கண்ணே."

"பொழுது சாஞ்சாச்சேம்மா."

"என்னண்ணே விளையாட்டு! வெயில் கண்ணுக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? கவர்மெண்டு மறைஞ்சாச்சுன்னு எழுதி ஒட்டியிருக்கு. ஆமா, ஒங்க கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"தேவலைண்ணே. எல்லாம் நல்லாத் தெரியுது."

"சந்தோஷம். நாளைக்கு அஸ்தமனத்துக்கு முந்தி வாங்க."

அமுதம் நியாயம் கேட்கத் திரும்பினாள். பின்னால் நின்ற நாலு பேரும், "விளக்கு வச்ச நேரத்துல உப்பு கேக்கலாமாம்மா?" என்று அவளுக்குத்தான் புத்தி சொன்னார்கள். அதில் இரண்டு பேர், வெயில் கூசாமல் இருக்க நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்கள்.