எட்டாவது கல்

ஒரு காட்டில் ஈச்சங்கரை என்றொரு தொகுதி இருந்தது. இப்போது இல்லை. கலைத்துவிட்டார்கள். அந்தக் கதைதான் இது.

தொகுதிக்கு நடுவே ஓர் ஓடை. மேலக்கரையில் மாசாணம் என்ற முள்ளம்பன்றி. கீழக்கரையில் அதன் அத்தைமகள் செங்கமலம். இரண்டுக்கும் நிச்சயம் ஆன மறுநாளே வெள்ளம் வந்து, ஓடைக்குக் குறுக்கே கிடந்த மரத்தை அடித்துக்கொண்டு போயிற்று. கடக்க வேறு வழியில்லை. மாசாணத்துக்கு நீச்சல் தெரியாது. தாண்டவும் வராது. கல்யாணம் நின்றது.

"பாலம் வரட்டும் மச்சான், பாத்துக்கலாம்!" என்று அக்கரையிலிருந்து கத்தியது செங்கமலம்.

தேர்தல் வந்தது. கரடி ஜெயித்தது. பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது. ஓடைக்குள், கரையோரமாக, கரை மட்டத்துக்கு எழும்பி நிற்கும் கல். அதன் தலையில் கரடியின் பெயர். கல்லோடு சரி.

அடுத்த தேர்தலில் காட்டெருமை ஜெயித்தது. "கரடி கல்லுக்குப் பின்னாலயா என் கல்லு?" என்று உறுமிவிட்டு, ஓரடி முன்னால் தண்ணீருக்குள் தன் கல்லை நட்டது. அதற்கடுத்துக் குரங்கு. இன்னும் ஓரடி முன்னால். ஈச்சங்கரையில் அதுவே வழக்கமாகிவிட்டது. இன்னொருவர் கல்லுக்குப் பின்னால் கல் நட்டால் கௌரவம் போச்சு.

ஏழு தேர்தல் நடந்தது. ஏழு கல் விழுந்தது. பாலம் வரவில்லை.

ஒருநாள் மாசாணம் சும்மா முதல் கல்லில் ஏறிப் பார்த்தது. அங்கிருந்து இரண்டாவது. அப்படியே ஏழாவது வரைக்கும் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு கல் இருந்தால் அக்கரை!

"அடுத்த தேர்தல்ல வந்துருவேன் புள்ள!"

"சீக்கிரம் வாங்க. எனக்கு முள்ளெல்லாம் நரைக்குது!"

அந்த நேரம் பார்த்துத் தொகுதி எல்லையைத் திருத்தினார்கள். கீழக்கரையில் முயல்கள் பெருகிவிட்டனவாம். மேலக்கரை மேற்குத் தொகுதிக்குப் போயிற்று, கீழக்கரை கிழக்குக்கு. ஓடை யாருக்கும் வேண்டாம். ஈச்சங்கரை ஒழிந்தது.

மாசாணம் எல்லைத் திருத்த அலுவலகத்துக்கு ஓடியது. மூன்று நாள் வரிசையில் நின்றது. முள் குத்துகிறது என்று முன்னால் நின்ற காட்டுப்பன்றி மூன்று நாளும் சண்டை பிடித்தது. ஒருவழியாக அதிகாரி நாரையிடம் போய்ச் சேர்ந்தது.

"என்னய்யா வேணும்?"

"ஈச்சங்கரை தொகுதி வேணுங்க ஐயா."

"அதான் கலைச்சாச்சே. பாலத்துக்கா? அதுக்குத் தனிப் படிவம். மூணு நகல்."

"பாலம் யாருக்கு வேணும்? ஒரே ஒரு தேர்தல் வையுங்க, போதும்."

நாரை மூக்கை நிமிர்த்தியது. "யாரு ஜெயிக்கணும்?"

"எவன் ஜெயிச்சா எனக்கென்ன? கல்லு நட்டாச் சரி."

நாரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தேர்தலெல்லாம் முடியாது. வேணும்னா ஒரு நினைவுக் கல் வைக்கிறோம். கலைச்ச தொகுதிக்கெல்லாம் உண்டு. வரலாறு எழுதி, ஜெயிச்சவங்க பேரெல்லாம் போட்டு. எங்க வைக்கலாம்?"

மாசாணத்துக்குப் பதில் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டது. "ஜெயிச்சவங்களையே கேளுங்க ஐயா" என்றது.

ஏழு பேரும் வந்தார்கள். "என் பேர் இருக்கிற கல்லு, அந்த மயில் கல்லுக்குப் பின்னாலயா?" என்று கேட்டது கரடி. மயில்தான் ஏழாவதாக ஜெயித்தது. காட்டெருமையும் அதையே கேட்டது. குரங்கும். வாழ்நாளில் முதல்முறையாக எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். நினைவுக் கல் மயிலின் கல்லுக்கு ஓரடி முன்னால் போய் நின்றது.

அதில் எழுதியிருந்தது: "ஈச்சங்கரை தொகுதி. ஏழு உறுப்பினர்கள். ஏழு அடிக்கல்கள். பாலப் பணி நடைபெற்று வருகிறது."

மாசாணம் அந்த வரலாற்றை மிதித்துக் கீழக்கரையில் இறங்கியது.

செங்கமலம் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. "ஓட்டெல்லாம் கிடையாது, போங்க!" என்றது.

"நான்தான் புள்ள."

செங்கமலம் திரும்பிப் பார்த்தது. மண் அப்பிய மூக்கைத் துடைத்துக்கொண்டது. "பாலம் வந்துருச்சா மச்சான்?"

"இல்ல. தொகுதி போயிருச்சு."

நீதி: பாலம் கேட்டு அலையாதீர்கள். அடிக்கல் கேளுங்கள். அகலத்தை அளந்துவிட்டுக் கேளுங்கள்.