உபைத்துக்காக ஓர் ஒப்பாரி

"அழுகை பத்தல உபைத்" என்றார் டைரக்டர் கலைமணி, போனில்.

அரியலூரில் ஒரு கேசட் கடை மாடி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ரெக்கார்டிங் ரூம். செல்போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டி நீட்டி உபைத்துக்குக் கை வலித்தது.

"முழுசா கேட்டீங்களா சார்?"

"கேட்டேன்ப்பா. கதாநாயகி புகுந்த வீட்டை விட்டு அழுதுகிட்டே போறா. உன் டியூனைக் கேட்டா அவ மாமியாரை அடிக்கப் போற மாதிரி இருக்கு. அவசரமே இல்ல. அங்கேயே உக்காந்து பொறுமையா பண்ணு. நாளைக்கும் காலையிலயே போயிரு."

லெப்பைக்குடிக்காட்டின் ஒரே ராக் பாடகன் உபைத். ஒரே என்பதில் ஊருக்குக் கொஞ்சம் ஆறுதல். கிடாரை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நின்று அவன் குரல் எடுத்தான் என்றால் வெள்ளாற்றுக்கு அக்கரையில் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவனைத் தேடி, ஊருக்குள் சீரியல் எடுக்க வந்திருந்த கலைமணி மாடியேறி வந்தார். பக்கத்து வீட்டு வேம்புதான் கைகாட்டி விட்டாள்.

"உன் திறமை இங்க இருக்க வேண்டியதே இல்லப்பா" என்றார் அவர். "எங்க சீரியலுக்கு நீதான் மியூசிக்."

அன்றைக்கு உபைத்துக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் இசை மட்டும் இல்லை. மாமா ஹுமாயூனின் மகள் இன்ஷா அவனுக்கு என்று சின்ன வயதிலேயே பேச்சு. அவன் பாடும்போது தெருவில் ஜன்னலைச் சாத்தாத ஒரே ஆள் அவள்தான். துபாயில் மளிகைக் கடை வைத்திருந்த மாமாவுக்கோ கிடாரைக் கண்டாலே ஆகாது. லீவில் வந்திருந்தவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"டிவியில உன் பேரு வரட்டும், நிக்காஹ் வெச்சுடுறேன். வரலைன்னா அந்தக் கட்டையைப் பரண்ல போட்டுட்டு துபாய்க்குக் கெளம்பு. கடையில அரிசி மூட்டை உனக்காகத்தான் காத்துக்கெடக்கு."

ஆகவே உபைத் அழுகையைத் தேடினான். முதலில் டியூனிலிருந்து டிரம்ஸை நீக்கினான்.

"அழுவைக்கு டிரம்ஸ் எடைஞ்சலா இருக்குடா பிலால்."

"நான்தான் எடைஞ்சல்னு சொல்லிட்டுப் போயேன்" என்று கூட வாசிக்கும் கூட்டாளி பிலால் டிரம்ஸை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போனான். அதோடு பேச்சும் நின்றது.

"இன்னும் பத்தல" என்றார் கலைமணி.

கிடாரையும் நீக்கினான். மனசு நிஜமாகவே வலித்தது. அந்த வலியிலேயே மைக் முன்னால் நின்று தானே அழுதான்.

"யாரோ தும்முற மாதிரி இருக்கு. நாளைக்குப் பாரு."

இனி தாங்காது என்று திருமானூர் போய், ஒப்பாரிக்குப் பேர்போன பச்சையம்மாளைக் கூட்டிவந்தான். ரெக்கார்டிங் என்றால் ஃபேனை நிறுத்த வேண்டும். அவளுக்குப் புழுக்கம் தாங்கவில்லை, கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள்.

"செத்தது யாரு?"

"யாரும் சாவலைங்க. டிவிக்கு."

"பேரு இல்லாம எப்புடி அழுவுறது? நல்லாக் கேட்டுக்க, பேரு சொல்லி அழுதாத்தான் எனக்குக் கண்ணீரே வரும்."

உபைத்துக்கு அவசரத்தில் வேறு பேரே தோன்றவில்லை. "என் பேரையே வெச்சுக்குங்க. உபைத்."

பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என் உபைத்து ராசா, ஊரு விட்டுப் போனியே" என்று எடுத்தாள். கீழே காய் வாங்கிப் போன பெண்கள் அப்படியே நின்றார்கள். ஒப்பாரி கேட்டால் ஒரு பாட்டம் அழுது கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. கூடையை மாடிப்படியில் வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து, பச்சையம்மாளின் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்தார்கள். யாரோ ஒரு மாலைகூட வாங்கிவந்தார்.

"பையனுக்கு என்ன வயசுப்பா?" என்று ஒரு அம்மா உபைத்திடம் கேட்டாள்.

"இருபத்தாறுங்க."

"கலியாணம் காட்சி?"

"இனிமேதாங்க."

அந்த அம்மா அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள். "இல்லைங்க, அது நான்தாங்க" என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கீழே நின்ற லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் பேரைக் கேட்டுப் பதறி ஊருக்குப் போன் போட்டுவிட்டார். ஒரு வேன் வந்து நின்றது. அம்மா ஆயிஷா பீவி மாரில் அடித்துக்கொண்டே ஏறி வந்தாள். மகன் கையில் டீ கிளாஸோடு நிற்பதைப் பார்த்தாள். கன்னத்தில் ஓர் அறை வைத்தாள், பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

பின்னாலேயே ஹுமாயூன் மாமா. கையில் மையத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி.

"கஃபன் வரைக்கும் எடுத்துட்டு வந்துட்டேன்டா. இன்ஷா அங்க மயங்கி விழுந்து கெடக்குறா. போதும் உன் மியூசிக்கு. இந்த வாரமே விசா."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கலைமணி.

"வேலை முடிஞ்சுதுப்பா. நீ ஊருக்கு வந்துரலாம்."

"சார், நீங்க இன்னும் டியூனே கேக்கலையே?"

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும். கேசட்டைக் குடுத்துரு."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். டிவியில் 'இசை: உபைத்' என்று பெரிதாக வந்தது. கதாநாயகி புகுந்த வீட்டை விட்டுப் போகும்போது பின்னால் பச்சையம்மாள் உபைத்து ராசாவுக்காக அழுதாள், தெருவே சேர்ந்து அழுதது. ஹுமாயூன் மாமாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே நிக்காஹ்.

பிலாலும் பிரியாணிக்கு வந்து பேச்சை ஆரம்பித்தான். உபைத் பழையபடி மாடியேறிப் பாடினான். கொஞ்ச நாளில் ஊருக்கு ஒரு சினிமா கம்பெனி வந்தது. வந்த மறுநாளே அதன் மேனேஜர் உபைத்தைத் தேடி வந்தார். படத்துக்கு இசை அவன்தானாம், உடனே சென்னையில் போய் உட்கார வேண்டுமாம்.

இன்ஷா சந்தோஷமாகப் பெட்டி கட்டினாள். உபைத் இனிப்போடு நேரே பக்கத்து வீட்டுக்கு ஓடினான். பெரிய வீடு அது. வீட்டுக்காரர்கள் குவைத்தில் இருக்க, வேம்புதான் பார்த்துக்கொள்கிறாள். சீரியல் எடுத்ததும் அங்கேதான், இப்போது சினிமாவும் அங்கேதான்.

"என்னை டிவிக்கும் சினிமாவுக்கும் ஏத்திவுட்டது நீங்கதான் வேம்பக்கா. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

வேம்பு ஒரு லட்டை எடுத்துக் கடித்துக்கொண்டாள்.

"நான் என்னத்தப் பண்ணேன் தம்பி? ஷூட்டிங்குக்கு வூடு கேட்டு வர்றவங்ககிட்ட, பக்கத்து மாடித் தம்பிக்கு மொதல்ல வெளியூர்ல ஒரு வேலை குடுத்துட்டு அப்பறமா மைக்கை எறக்குங்கன்னு சொல்லிப்புடுறேன், அவ்வளவுதான்."