மண்ணின் மகளும் ஒரு கடப்பாரையும்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. புகழ்ச்சியே பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். பிளெக்ஸ் பேனரில் என் படம் வருகிறது என்றால் மட்டும் மூளை கழன்றுவிடும். திருச்சிக்கு வந்திருக்க வேண்டிய ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக் கிளை வராமல் போனதற்கு அரசியல் காரணம், அதிகாரிகள் காரணம் என்று பலர் பலவிதமாகப் பேசினார்கள். காரணம் நான்தான். (இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.)

அப்போது எனக்குப் பெங்களூரில் வேலை. கணவர் அந்தோணிக்குப் பாலக்கரையில் எலெக்ட்ரிக்கல் கடை. மகள் ஜெனிக்கு மூன்று வயது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருவேன், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவேன். ஒவ்வொரு ஞாயிறும் ஜெனி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். அவள் வீட்டில் அழுவாள், நான் பஸ்ஸில் அழுவேன்.

அதனால் எங்கள் கம்பெனி சின்ன ஊர்களில் கிளை திறக்கப் போகிறது என்று காதில் விழுந்ததும் மேனேஜர் விஜி மேடத்தை நச்சரிக்க ஆரம்பித்தேன். "துவாக்குடிப் பக்கம் இன்ஜினியரிங் முடிக்கிற பிள்ளைங்க எல்லாம் நேரா பெங்களூருக்குத்தான் பஸ் ஏறுது மேடம். நாமளே அங்க போயிட்டா என்ன?"

தொல்லை தாங்காமல் மேடம் இறங்கி வந்தார். "ஒரே கண்டிஷன் ஸ்டெல்லா. நான் அங்க உக்காந்து பெங்களூர் டீமோட ஒரு மணி நேரம் வேலை பாப்பேன். நெட் போகக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவேதான். அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை, பாருங்கள்.

இடம் தேடியபோது ஸ்ரீரங்கத்தில் ஒரு தலைவர் கிடைத்தார். (எதற்குத் தலைவர் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் "தலைவரே" என்பார்கள், அவர் திரும்பிப் பார்ப்பார்.) "ஐடி கம்பெனியா? கவலைய விடுங்கம்மா. ஸ்ரீரங்கத்த இன்னொரு பெங்களூரா மாத்திக் காட்டுறேன்" என்றார். மாற்றுவதற்கு அவர் வைத்திருந்த மாபெரும் திட்டம், தன் மச்சானின் கல்யாண மண்டபத்து மாடியை எங்களுக்கு வாடகைக்கு விடுவது. கீழே பந்தி, மேலே சாஃப்ட்வேர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு தனித்தனி நெட் லைன் இழுத்துக் கொடுத்தார். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்.

இரண்டு லைனும் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே ஒரே பள்ளத்தில் புதைந்து வருவதைக் கவனித்தது அந்தோணிதான். "அந்த ஜன்னலுக்குக் கீழ யாரும் கை வைக்காம பாத்துக்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் சரி சரி என்றேன். பேனருக்குப் போட்டோ தேர்ந்தெடுக்கும் மும்முரத்தில் இருந்தேன்.

ஆமாம், பேனர். பாதி தலைவர், பாதி நான். "ஹைடெக் திருச்சியின் விடிவெள்ளியே! மண்ணின் மகளே! வருக வருக!" வரப்போவது மேடம், வரவேற்பு எனக்கு. மேடத்தின் பெயர் அடியில், அச்சடித்தவர் போன் நம்பருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

அன்று காலை போய்ப் பார்த்தால், மண்டப வாசலில் தலைவர் பளிச்சென்று சிரிக்கிறார். என் மூஞ்சியை மட்டும் ஒரு தென்னை மட்டை மறைக்கிறது. எனக்கு வந்ததே கோபம்!

"என்னங்க தலைவரே, இது நியாயமா?"

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? மாத்தி நட்டாப் போச்சு. கடப்பாரை எடுத்துட்டு வர ஆள் அனுப்புறேன். எங்க வேணும், சொல்லுங்க."

எங்கே வேண்டும்? மேடம் உட்காரப்போகும் ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டும்.

மேடம் வந்தார். மாலை, எலுமிச்சம்பழம், பொன்னாடை. தலைவர் போர்த்தினார், மச்சான் போர்த்தினார், மச்சானுக்குத் தெரிந்தவர்கள் வரிசையில் நின்று போர்த்தினார்கள். பொன்னாடைக் குவியலுக்குள்ளிருந்து மேடத்தின் குரல் மட்டும் வந்தது. "வேலைய ஆரம்பிக்கலாமா?"

மாடியில் லேப்டாப்பைத் திறந்ததும் பெங்களூர் டீம் திரையில் வந்தது. நெட் பறந்தது. முக்கால் மணி நேரம் ஆகியும் ஒரு தடங்கல் இல்லை. மேடம் என்னைப் பார்த்து, "பரவாயில்லையே ஸ்டெல்லா!" என்றார். இனி தினமும் ஜெனிக்கு நானே தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கீழே இரண்டு பேர் சவுக்குக் கட்டையும் கடப்பாரையுமாக வந்து நின்றார்கள். எங்கே நடுவது என்று சைகையில் கேட்டார்கள். நான் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினேன். இன்னும் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேதான். போடு.

போட்டார்கள்.

பெங்களூர் டீம் திறந்த வாயோடு அப்படியே உறைந்தது. "இன்னொரு லைன் இருக்கு மேடம்!" என்று பாய்ந்து மாற்றினேன். அதுவும் செத்திருந்தது. அந்தோணி சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. என்ன ஆச்சு என்று மேடம் ஜன்னல் பக்கம் திரும்ப, அந்த நேரம் பார்த்து பேனர் மெல்ல எழுந்தது. முதலில் என் நெற்றி, அப்புறம் கண், அப்புறம் ஜன்னல் அகலத்துக்கு என் பல்.

"அது நீங்கதானா ஸ்டெல்லா?"

"ஆமா மேடம்."

கீழே தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். "உலகையே ஒரு நொடியில் இணைக்கும் தொழில்நுட்பம், இதோ, நமது தெருவுக்கு..."

மேடம் லேப்டாப்பை மூடினார். "உங்க ஊர்ல மைக் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கிளை வேறு ஊருக்குப் போனது. தலைவருக்கு ஒரு சேதாரமும் இல்லை. மறு வாரமே "ஹைடெக் நாயகன்" என்று புதுப் பேனர் வைத்துக்கொண்டார். நான் இருந்த இடத்தில் மச்சான் சிரித்தார். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பஸ். பிறகு வேறொரு கம்பெனி சத்தமில்லாமல் திருச்சியில் திறந்தது, அதில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. நெட் நன்றாகவே ஓடுகிறது.

அந்தப் பேனரில் என் பாதியை மட்டும் அந்தோணி வெட்டிக் கொண்டுவந்து, ஒழுகுகிற எங்கள் பால்கனிக்கு மேலே கட்டிவிட்டார், படம் உள்பக்கம் தெரிய. அந்த இரண்டு வருஷமும் போனில் "ஜெனி என்னைத் தேடுறாளா?" என்று கேட்டால், "இப்பதான் பால்கனில உன்கூடப் பேசிட்டு வந்தா" என்பார்.

கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் இன்றும் அந்தோணி இந்தக் கதையை எடுத்துவிடுவார், கடப்பாரை போட்டவர்களின் சைகை உட்பட. முடித்து வைப்பது ஜெனி.

"எனக்கு அந்தப் பால்கனி அம்மாவத்தான் ரொம்பப் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா பஸ் ஏற மாட்டாங்க."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவேன்.