லிங்கிப் பாலத்தில் ஆறு தெரியும்

கோலா சாவா,
திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. தங்கராஜு அவர்களுக்கு,

உங்கள் அக்காள் புருஷன் நல்லசாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். உங்கள் அக்காள் மயிலம்மாளுக்குச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது என் சட்டைக் காலரில் இருக்கும் அழுக்கு வரைக்கும் தெரிகிறது. சுங்கைப்பட்டாணியில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்காள் சமையலறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறாள். வாட்சாப்பில் எழுதலாம் என்றால், வாட்சாப்பில் எழுதியதால்தான் இவ்வளவும் வந்தது. போன வாரம் நீங்கள் கூப்பிட்டு, "அர மணி நேரத்துல இருக்கிற கடலக் காட்டுறதுக்கு இத்தன மாசமா மாமா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படியுங்கள்.

கண் கட்டைப் பிரித்த அன்றே உங்கள் அக்காள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், கடலைப் பார்க்க வேண்டும் என்று. கல்யாணமான நாளிலிருந்து தோடு வேண்டும், வளையல் வேண்டும் என்று கேட்டவள் இல்லை, ஐஸ்பெட்டியைக்கூட நானாகத்தான் வாங்கிப் போட்டேன், அதனால் அப்போதே சரி என்று சொல்லிவிட்டேன். மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை என்பதை நீங்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகள் ஷாமினி அன்று சாயங்காலமே ஒரு திட்டம் போட்டு போனில் அனுப்பினாள். அவள் காரிலேயே கூட்டிப் போகிறாளாம். முதலில் லுக்குட் கோட்டை, பிறகு போர்டிக்சன் கடற்கரை, தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம், அங்கிருந்து கடலோரமாகவே லிங்கி, மஸ்ஜித் தானா, அப்படியே மலாக்கா, அங்கே ஒரு ராத்திரி தங்கி பழைய தெருவெல்லாம் பார்த்துவிட்டு மறுநாள் மூவார். எங்கெங்கே கடல் தெரியும் என்று நீலப் புள்ளி வேறு வைத்திருந்தாள். உங்கள் அக்காள் பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போய் அகலமாக ஒரு தொப்பி வாங்கி வந்து, அதை வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினாள்.

திட்டத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான் பட்டது. பிள்ளைக்குச் சொந்தபந்தம் தெரியவில்லை. லுக்குட்டில் கோட்டை இருக்கிறது என்று போட்டவள், என் பெரியம்மா மகன் தர்மேந்திரன் இருக்கிறான் என்று போடவில்லை. லிங்கியில் பாலம் இருக்கிறது என்றாள், சித்தப்பா மகன் ஹேமநாதன் இருக்கிறான் என்று சொல்லவில்லை. மலாக்காவில் என் அக்கா மகள் குமுதவல்லி இருக்க, ஹோட்டலில் ரூம் போடுகிறாளாம். சொந்தக்காரன் ஊரைத் தாண்டிப் போகும்போது அவன் வாசலை மிதிக்காமல் போனால் அது எத்தனை தலைமுறைக்குப் பேசப்படும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே ஒருமுறை சிரம்பானைத் தாண்டி ஜொகூருக்குப் போனீர்கள், அதே வழியில் திரும்பியும் வந்தீர்கள், எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அதைப் பற்றி நான் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் எஸ்டேட்டில் மண்டோராக இருந்தவன். விடியற்காலையில் ஆள் கூடும் பெரட்டில் நின்று, யாரை எந்த ரப்பர் நிரையில் விட்டால் சண்டை இல்லாமல் வேலை நடக்கும் என்று பார்த்துப் பார்த்து ஆள் பிரித்தவன். இந்தத் திட்டத்தைச் சரிசெய்ய என்னைவிட ஆள் இல்லை என்று நானே கையில் எடுத்துக்கொண்டேன். முதல் வேலையாக, லிங்கி ரோடு இப்போது எப்படி இருக்கிறது என்று குடும்ப குரூப்பில் ஒரு கேள்வி போட்டேன். அந்த ரோட்டைப் பற்றி இந்த நிமிஷம் வரைக்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஹேமநாதன் மட்டும், "வாங்கண்ணே, அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று எழுதினான். குத்தல் புரிகிறதா. சித்தப்பா தவறியது உங்கள் அக்காளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று. சாவுக்கும் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை. இன்னும் துக்கம் விசாரிக்காத வீட்டுக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுற்றுலா போகிற வழியில் நுழைய முடியுமா? ஆகவே லிங்கி இனிமேல் துக்கம் விசாரிக்கும் இடம் என்று ஆகிவிட்டது.

அதற்குள் மலாக்காவிலிருந்து குமுதவல்லி, குழந்தையைப் பார்க்க மாமாவும் அத்தையும் வருகிறார்களாமே என்று கேட்டு எழுதிவிட்டாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து அதிக நாள் ஆகவில்லை. துக்க வீட்டு வாசலை மிதித்த காலோடு பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் யாராவது போவார்களா? அதனால் லிங்கிக்கு முன்னால் மலாக்கா போயாக வேண்டும். ஆனால் கடலோரமாகப் போனால் லிங்கிதான் முதலில் வந்து நிற்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. ஆகவே கடலோரச் சாலையை விட்டுவிட்டு ஹைவேயில் நேரே மலாக்கா போவது, பிள்ளையைப் பார்ப்பது, திரும்பும்போது லிங்கியில் துக்கம் விசாரிப்பது என்று மாற்றினேன். மூவார் எதற்கும் சம்பந்தமில்லாமல் தனியாக நின்றது, அதை எடுத்துவிட்டேன். அங்கே நமக்கு யாரும் இல்லை.

அடுத்து லுக்குட் தர்மேந்திரன். இவன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது குரூப்பில் ஒரு கார்டைப் போட்டுவிட்டு, அதுதான் அழைப்பு என்றான். நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாத வீட்டுக்கு நான் போகவில்லை. இப்போது அவனாகவே போன் செய்து, "பழசெல்லாம் மனசுல வெக்காதீங்கண்ணே, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போங்க லா" என்று இறங்கி வந்தான். இறங்கி வந்தவனை விட முடியாது. ஆனால் புது வீட்டுக்கு முதல்முறை போகிறோம், துக்க வீட்டிலிருந்து நேரே போகலாமா? வீட்டுக்கு வந்து தலைமுழுகி, மறுநாள்தான் போக வேண்டும். இதைச் சொன்னதும் அவன், தானும் இன்னும் லிங்கிக்குப் போய் விசாரிக்கவில்லை, தன்னுடைய ஸ்கூல் வேன் சனிக்கிழமை சும்மாதான் நிற்கிறது, மலாக்காவுக்கும் லிங்கிக்கும் எல்லாரும் ஒன்றாகப் போவோம் என்றான். வேன் என்றதும் குரூப்பில் இருக்கிற பாதிப் பேருக்கு லிங்கி ஞாபகம் வந்துவிட்டது. ஷாமினி, தன் காரை எடுத்துவர வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இந்த இடத்தில் உங்கள் அக்காள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் கடல் எந்த இடத்தில் தெரியும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டு வைத்திருந்த வழியை முதலிலிருந்து கடைசி வரை விரலை வைத்துப் பார்த்தேன். லிங்கிப் பாலத்தில் ஆறு தெரியும் என்று சொன்னேன். அந்த ஆறு கடலுக்குத்தான் போகிறது என்றும் எடுத்துச் சொன்னேன். அவள் எழுந்து போய்த் தொப்பியை ஆணியில் மாட்டினாள்.

பிறகு வேனில் இடம் பிரிக்க உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை லாரியில் ஏற்றியவனுக்கு ஒரு வேன் எந்த மூலைக்கு. முன்சீட்டு இடுப்பு வலிக்காரர்களுக்கு, நடுவில் பிள்ளைக்காரர்கள், பின்னால் பேசிக்கொண்டே வருகிறவர்கள். எல்லாம் முடித்துப் பார்த்தால் ஓர் ஆளுக்கு இடம் இல்லை. அதே சமயம், லிங்கியிலிருந்து திரும்புகிறவர்கள் அப்படியே அவரவர் வீட்டுக்குள் போக முடியாது, தர்மேந்திரனுக்கும் அது புது வீடு, ஆகவே எல்லாரும் எங்கள் வீட்டில் குளித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவது என்று முடிவாகியிருந்தது. அப்படியானால் வெந்நீர் போட, சோறாக்க வீட்டில் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். இரண்டு சிக்கலும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. அந்த ஒருவர் யார் என்று நான் எழுதாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். குமுதவல்லிக்குக் கொடுக்க உங்கள் அக்காள் கிண்டும் பிரசவக் காய லேகியம் மட்டும் வேனில் போகும், அதற்கு என் மடியில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். மண்டோர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட ஒழுங்காக ஆள் பிரிக்க ஒருவராலும் முடியாது.

நேற்று சாப்பிடும்போது இதை விளக்கமாகச் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு நின்றபடியே சொன்னாள்: "கடலுக்கு நான் போனதெல்லாம் சாம்பல் கரைக்கத்தான். ஒங்க அப்பாவுக்கு, ஒங்க அம்மாவுக்கு, எங்க அப்பாவுக்கு. முங்கி எந்திரிச்சதும் திரும்பிப் பாக்காம நடன்னு எல்லாரும் சொல்லிருவீங்க. கண்ணு நல்லா தெரியுறப்பவே ஒரு தடவ நின்னு பாத்துரலாம்னு நெனச்சேன்." அவ்வளவுதான், பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மச்சான், உங்கள் அப்பாவின் சாம்பலைக் கரைத்த அன்று நீங்களும் இருந்தீர்கள், திரும்பாமல் நட என்று அவளுக்குச் சொன்னது நான்தான். சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினேன். ஆனால் வேனுக்குச் சொல்லியாகிவிட்டது, ஹேமநாதனுக்குச் சொல்லியாகிவிட்டது, நான் என்ன செய்ய? அடுத்த மாதம் பார்ப்போம் மயிலு என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னேன். இவ்வளவு காலத்தில் நான் எத்தனை அடுத்த மாதம் சொல்லியிருக்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் பேச்சுக்கு அவள் கட்டுப்படுவாள். இந்தச் சனிக்கிழமை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் அவளிடம் பக்குவமாகப் பேச வேண்டும். கடல் எங்கேயும் ஓடிப்போகாது என்று நீங்கள் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, நான் சொன்னால் வருகிறது. அடுத்த மாதம் கட்டாயம் கூட்டிப் போகிறேன், அதற்கும் ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறேன். தயவுசெய்து நீங்களும் கிளம்பி வந்துவிட வேண்டாம். வேனில் இடம் இல்லை.

உங்கள் பிள்ளைகள் பரீட்சையில் தேறி, கூரை ஒழுகாமல், கடனில்லாமல், எந்த ஊருக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் முகம் கோணாமல் பல்லாண்டு வாழ வேண்டும் என்று பெரியவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன். உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளின் நன்மையையே நினைக்கும்
நல்லசாமி,
ஓய்வு பெற்ற மண்டோர்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடவும். உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனால் உங்கள் அக்காளைக் காணோம். மேசையில் எனக்குச் சோறு மூடி வைத்திருந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியின் கதவும் பூட்டியிருந்தது. போன் போட்டேன். ஒரே காற்றுச் சத்தம். புஷ்பவள்ளியோடு பஸ் ஏறி வந்துவிட்டேன், போர்டிக்சனில் நிற்கிறேன் என்றாள். திட்டம் முடியாமல் யாரைக் கேட்டுப் போனாய் என்று கேட்க வாயெடுத்தேன், வேறு கேள்விதான் வந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வந்துக்கிட்டே இருக்குங்க. எவ்வளவு நேரம் நின்னாலும் யாரும் போகச் சொல்லல," என்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன ஆயிற்று என்பதை எழுத மாட்டேன். கடைசியில், "நீங்களும் வாங்க. தனியா வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். தபால் பெட்டியைத் தவிர வழியில் எங்கேயும், யார் வீட்டு வாசலிலும் நிற்கப் போவதில்லை. சனிக்கிழமை வேன் இல்லை என்று நீங்களே குரூப்பில் போட்டுவிடுங்கள். காரணம் கேட்டால் எனக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எல்லாரும் பார்க்க வந்துவிடுவார்கள்.